பகலுக்கு மாறுதல் கேட்டவன்

இனிமேல் சூரியன் இருக்கும்போது முழித்திருப்பது என்று முடிவெடுத்தேன். உங்களுக்கு இது ஒரு தீர்மானமாகவே தெரியாது. பழனிசெட்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில், தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ராத்திரிக் காவல் பார்க்கிறவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

விடிந்து நான் உத்தமபாளையத்தில் வந்து இறங்கும்போது என் மனைவி பாஜிலா அடுப்படியில் இருப்பாள். அவள் பாயை விரிக்கும்போது நான் பஸ்ஸில் இருப்பேன். ஒரே பாயை இரண்டு ஷிப்டாகப் பங்கு போட்ட கல்யாணம் எங்களுடையது. எங்கள் மகள் அப்ரின் பிறந்ததே மில்லில் ஸ்டிரைக் நடந்த வருஷத்தில்தான்.

மில் கேட்டில் எனக்குத் துணை கொசுவும் இங்கிலீஷ் அகராதியும். கொசு என்னைப் படித்தது, நான் அகராதியைப் படித்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு 2007-ல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கம்பெனி கண்ணில் பட்டது. வெளிநாட்டுப் பயணிகளை உள்ளூர்க்காரர்களோடு நேராக இணைத்துவிடுவார்களாம். நடுவில் ஏஜெண்டு கிடையாது. பெரிய ஓட்டல் கிடையாது. நம் வீட்டிலேயே தங்க வைத்து, ஊரையும் மலையையும் கெடுக்காமல் சுற்றிக் காட்ட வேண்டும். வருகிற காசு ஊரிலேயே தங்க வேண்டும். எழுதிப் போட்டேன். பதில் வந்தது. ஒரு நாள் ஒத்திகை. தேறினால் இந்தப் பக்கத்துக்கு நீங்கள்தான் எங்கள் ஆள்.

பாஜிலாவிடம் சொன்னேன்.

"மில்லு வேலை?"

"தேறுனதும் விட்டுறப் போறேன்."

"பகல்ல முழிச்சிருப்பீகளா மச்சான்?"

"ஏன், பகல்ல முழிக்க லைசன்ஸா வேணும்?"

"அப்ரின் நிக்காஹ்ல சம்பந்தி தோள்ல சாஞ்சு தூங்குனீகளே."

"அவரு தோள் அப்படி."

"எல்லாரும் ஆமீன் சொல்லும்போது நீங்க 'கேட்டைப் பூட்டியாச்சு'ன்னீக."

"அதை விடு. ஒத்திகையன்னைக்கு நீ அடுப்படியை விட்டு வெளிய வராத. உனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏதாவது கேட்டாகன்னா மானம் போயிரும்."

"சரி."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தை புழங்கி எத்தனையோ பெருநாள் ஆகிவிட்டது. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருந்துவிட்டேன்.

கம்பெனியிலிருந்து அனுசுயா என்ற மதுரைப் பெண் வந்தது. கூடவே பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி. இருவரும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள். ஒத்திகைக்கு முதல் நாளே வந்து எங்கள் மாடி அறையில் தங்கினார்கள். நான் மில்லுக்கு லீவு போட்டிருந்தேன், நன்றாகத் தூங்கி எழுந்து தெளிவாகப் பேச வேண்டும் என்று. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. விடிகிறவரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் பாஜிலா இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தாள். விருந்தாளிகளுக்கு அளவாக. எனக்கு அளவில்லாமல்.

"போதும்."

"வெயில்ல அலையப் போறீக. தெம்பு வேணும்ல."

"போதும்னா."

"நெய்ச்சோறு கொஞ்சம் இருக்கு. அவுக முன்னாடி வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காதுதான். சாப்பிட்டேன். அதற்கு மேல் ஒரு டம்ளர் சூடான பால். என்றைக்கும் இல்லாத பணிவோடு வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். வெளியே வெயில் கொளுத்தியது. பந்தலுக்குள்ளே நுழைந்தால் பச்சை நிழல், ஈரமண், தலையைத் தொடுகிற கொத்துகள். அகராதியில் பொறுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் பள்ளத்தாக்கின் மகிமையை ஆரம்பித்தேன். அந்தப் பெல்ஜியத்து அம்மா மெதுவாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவர் ஆட்ட ஆட்ட எனக்குத் தொட்டிலில் கிடப்பதுபோல இருந்தது. ஒரு பழப்பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி பேசலாம் என்று உட்கார்ந்தேன். பேசியதாக ஞாபகம் இல்லை.

"எந்திரிங்கண்ணே. பாத்திக்குத் தண்ணி விடணும்."

தோட்டத்து வேலைக்காரி மொக்கம்மாள் நின்றாள். வெயில் சாய்ந்திருந்தது.

"வந்தவுக எங்க?"

"அவுக அப்பவே போயிட்டாக. ஒங்க வீட்டம்மா ஆட்டோவுல வந்து கூட்டிட்டுப் போனாக."

"அவ எப்ப வந்தா?"

"நீங்க சாஞ்ச கொஞ்ச நேரத்துல. அந்த வெள்ளக்காரம்மா கையில கத்தரியக் குடுத்து, கொத்துல வெடிச்ச பழத்த எடுக்கச் சொல்லிக் குடுத்தாக. அம்புட்டுப் பேரும் இங்கன எங்களோட ஒக்காந்து கஞ்சி குடிச்சாக. ஒரே சிரிப்பாணி."

"என்னை எழுப்பலையா?"

"எழுப்பத்தான் போனேன். ராத்திரியெல்லாம் முழிச்ச மனுசன், தூங்கட்டும்னு ஒங்க வீட்டம்மாதான் சொல்லிட்டாக. ஈ மொய்க்குதுன்னு அவுகதான் மூஞ்சியில துண்டப் போட்டுவிட்டாக."

துண்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் துண்டு. துவைத்து, மடித்து, வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள்.

பஸ் பிடித்து வீடு வந்தேன். அனுசுயா வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றது.

"சார், தேறியாச்சு."

"நானா?"

"அக்கா சார். பாஜிலா அக்கா பேர்ல பதிஞ்சாச்சு."

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா."

"வந்தவங்களும் வீட்ல பேசுறது பிரெஞ்சுதான் சார். நீங்க பேசினதுல ஒண்ணும் புரியலையாம். ஆனா நீங்க தூங்கினது ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம். இந்த ஊர்ல மனுஷங்க எவ்வளவு நிம்மதியா இருக்காங்கன்னு போட்டோ எடுத்து வச்சிருக்காங்க."

அடுப்படிக்குப் போனேன்.

"திட்டம் போட்டுத்தான செஞ்ச?"

"பாயா போட்டுத்தான் செஞ்சேன்."

"பகல்ல உன்னோட இருக்கலாம்னுதான் நான் இதுக்கே எழுதிப் போட்டேன் பாஜிலா."

கரண்டி நின்றது.

"அதச் சொல்லியிருக்கலாம்ல மச்சான். வெளிய வராதன்னுல சொன்னீக."

சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருஷமாகச் சொல்லியிருக்கலாம். அகராதியில் அவ்வளவு வார்த்தை தேடினேன், இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லத் தோன்றவில்லை.

"சரி, மில்ல விட்டுருங்க" என்றாள். "இனி நம்ம தொழிலே இருக்கு. நீங்களும் இருக்கணும். கம்பெனியில ஒங்களுக்குன்னே ஒரு வேலை சொல்லியிருக்காக."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன வேலை?"

"வெளிநாட்டுக்காரக தங்குற வீடில்லையா. ராத்திரி பூரா வாசல்ல ஒருத்தர் முழிச்சிருக்கணுமாம், அனுபவமுள்ள ஆளா. ஒங்க பேரக் குடுத்துட்டேன்."

மறுநாளே மில்லில் ராஜினாமா கொடுத்தேன். இப்போது பகலெல்லாம் பாஜிலா விருந்தாளிகளோடு ஓடைப்பட்டி, சின்னமனூர் வழியாக மேகமலை என்று சுற்றுகிறாள். நான் வீட்டில் தூங்குகிறேன்.

மில்லிலாவது வாரத்துக்கு ஒரு நாள் லீவு இருந்தது.