கொட்டகையில் நின்ற வீட்டு வண்டியும் என் வங்காளப் புலமையும்

ஒரு மொழியை அறவே அறியாதவன் பிறரைக் கேட்டு நடப்பான். நன்கு அறிந்தவனுக்குக் கேட்க வேண்டுவதில்லை. அரைகுறையாகக் கற்று, அதையே புலமை என்று நம்புகிறவனை அருகில் வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த முதலாண்டில் நான் அத்தகைய ஆபத்தாக இருந்தேன்.

எனக்கு வடமொழிப் பயிற்சி உண்டு. வடமொழிச் சொல்லை வாயைக் குவித்துச் சொன்னால் வங்காளம் ஆகிவிடும் என்பது என் கொள்கை. (இதை நம்பிக் காளிகாட் சந்தையில் நான் வாங்கி வந்த பண்டங்கள் தனிக் கதை.) எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தரை எல்லோரும் போரோபாபு என்று மரியாதையாக அழைப்பார்கள். என்னிடம் ஆங்கிலம் பேசவே கூடாது, வங்காளத்தில்தான் பேச வேண்டும் என்று அவரிடம் நானே வேண்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் துரையிடம் ஒரு வீட்டு வண்டி இருந்தது. குதிரைகள் இழுக்கும் மரவீடு அது. உள்ளே படுக்கைகள், அலமாரி, சிறு அடுப்பு; மேலே கித்தான் மூடி. குளிர்காலத்தில் துரை குடும்பத்தோடு அதில் ஏறிக் காட்டோரம் சென்று தங்குவார். மற்ற மாதங்களில் அது பவானிபூரில், ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையில் நிற்கும்.

அவ்வாண்டு அதைப் பேணும் பொறுப்பு எனக்கு வந்தது. என் அறை கொட்டகைக்கு அருகில் இருந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து வண்டியை உயர்த்த வேண்டும். அச்சுக்குக் கொழுப்பிட வேண்டும். வெயில் நாட்களில் சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் குளிர்காலத்தில் வேலையை நிரந்தரமாக்குவதாகத் துரை சொன்னார். நிரந்தரமானால் கம்பெனி வீடு கிடைக்கும். வீடு கிடைத்தால் தஞ்சாவூரில் தந்தை வீட்டில் காத்திருந்த என் மனைவி மங்களத்தை அழைத்துக்கொள்ளலாம். அவள் பெட்டி கட்டவே தொடங்கிவிட்டாள்.

மழை பிடித்ததும் என் அறைக்குள் தண்ணீர் வந்தது. ஊரிலிருந்து வந்த புழுங்கலரிசி மூட்டை நனையும் நிலை. துரையின் வண்டியோ உயரத்தில், உலர்ந்து, பூட்டோடு நின்றது. மூட்டையை அதற்குள் ஏற்றிவிட்டேன். (தவறுதான். அன்று அதற்குச் சமயோசிதம் என்று பெயர் வைத்திருந்தேன்.)

சில வாரங்கள் கழித்து, சொட்டும் குடையோடு போரோபாபு என் மேசையருகே வந்து குனிந்தார்.

"மோஷாய், சாலே ஃபுட்டோ! ஜொல் போர்ச்சே!"

சால் என்றால் அரிசி. சந்தையில் கற்ற சொல். அரிசியில் ஓட்டை, தண்ணீர் விழுகிறது என்கிறார். மூட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்!

"துரைக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"தெரியாது. முதலில் நீங்கள் சரிசெய்யுங்கள். பிறகு நான் சொல்லிக்கொள்கிறேன்."

எத்தகைய பெருந்தன்மை என்று உருகிப்போனேன். மேற்கொண்டு ஒரு சொல் கேட்கவும் வெட்கமாக இருந்தது. அன்று மாலையே, மழை விட்டிருந்த வேளையில், அறைத் தோழன் ராமசாமியோடு போய் மூட்டையை இறக்கினேன்.

"ஏண்டா, ஒரு வண்டுகூட இல்லையே! ஓட்டை எங்கேடா?" என்றான் ராமசாமி.

"பெரியவர் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு."

"நனையவும் இல்லையேடா?"

"பேசாம தூக்குடா!"

அதன்பின் சன்னல்களை இறுக அடைத்துக் கதவைப் பூட்டினேன். மறுபடி உள்ளே போனால் ஐயம் எழுமோ என்று அஞ்சி, அப்பக்கம் எட்டிப் பார்ப்பதையும் விட்டேன். எல்லாம் சரியாயிற்று என்று போரோபாபுவிடம் கூறினேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்து, துரையிடம் அவ்வாறே தெரிவித்தார்.

குளிர்காலம் வந்தது. துரையும் அவர் மனைவியும் புறப்பட ஆயத்தமாகக் கொட்டகைக்கு வந்தார்கள். வழியனுப்பப் போரோபாபுவும் வந்திருந்தார். ஊறிப் பருத்த கதவு திறக்க மறுத்தது. துரை பலங்கொண்டு இழுத்ததும் கதவோடு ஒரு நாற்றமும் வெளியே வந்தது. படுக்கையின்மேல் காளான்கள் பந்திக்கு அமர்ந்தவைபோல் வரிசையாக இருந்தன. துரை தலையை நுழைத்தார். மக்கிப்போன கித்தான் அறுந்து அவர் தோள்களில் விழ, அவைநடுவே பொன்னாடை போர்த்தப்பெற்றவர்போல் நின்றார். அண்ணாந்து பார்த்தோம். கொட்டகையின் ஓடுகளுக்கு நடுவே ஆகாயம் தெரிந்தது.

"கூரை ஒழுகுகிறது என்று இவர் சொன்ன பின் நீ என்ன செய்தாய்?" என்றார் துரை.

"கூரையா? நான்... என் அரிசி மூட்டையை எடுத்துவிட்டேன், ஐயா."

போரோபாபு நெற்றியில் அறைந்துகொண்டார். "ஆரே பாபா! சால்!"

வங்காளத்தில் வேய்ந்த கூரைக்கும் அதே சொல்லாம். (எனக்கு எவரும் சொல்லவில்லை. நான் எவரையும் கேட்கவும் இல்லை.) துரையின் மனைவி சிரித்துவிட்டார். துரை சிரிக்கவில்லை. போரோபாபுவின் பக்கம் திரும்பினார்.

"சரிசெய்தாயிற்று என்று நீர் சொன்னீரே. போய்ப் பார்த்தீரா?"

"இல்லை, ஐயா. தவறு என்னுடையது. இவர் மொழிக்குப் புதியவர். நான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும்."

நரைத்த தலை குனிந்திருந்தது. ஆங்கிலம் வேண்டாம் என்று கேட்டவன் நானே என்று அக்கணம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாயைக் குவிக்கக்கூட முடியாமல் நின்றேன். காளானும் கித்தானும் இன்று எனக்கே சிரிப்பூட்டுகின்றன. அந்த மௌனத்தை நினைத்தால் மட்டும் உடல் கூசுகிறது. மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். துரையின் முன்னிலையில் கேட்க வேண்டியதை வீட்டு வாசலில் கேட்டதற்கு மதிப்பு ஏது?

வேலை நிரந்தரமாவது ஓராண்டு தள்ளிப்போயிற்று. மங்களம் கட்டிய பெட்டியை அவிழ்த்தாள். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தவளிடம் ராமசாமி கதை முழுவதையும் ஒப்பித்துவிட்டான். இப்போதும் மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் எங்கேனும் ஒரு சொட்டு விழுந்தால் போதும், குழந்தைகள் கூவத் தொடங்கிவிடுவார்கள்.

"அப்பா, அரிசி ஒழுகறது!"

"மூட்டையை எடுத்து வெச்சுடுங்கோ, எல்லாம் சரியாயிடும்" என்பாள் மங்களம், அடுக்களையிலிருந்தே.

நான் ஏணியைச் சாய்த்து மேலே ஏறுவேன்.