பெருமூச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்

தோட்டுக்கடவு,
ஞாயிறு, அசர் தொழுகைக்குப் பிறகு.

தோஹாவில் இருக்கும் மருமகன் அன்ஸாருக்கு மாமன் பீரான்குட்டி சலாம் சொல்லி எழுத வைப்பது. உன் உம்மா இம்பிச்சாமினாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. உன் மாமி பீவாத்துவுக்கு இந்த மழைக்கு மூச்சிரைப்பு வரவில்லை. பசு கன்று போட்டது, காளைக்கன்று. எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதியாயிற்று. இனி உள்ளதைச் சொல்கிறேன்.

போன் பண்ணியிருக்கலாமே மாமா என்பாய். பண்ணினேன். நீ எடுப்பதற்குள் உன் போனே பாடுகிறது, அதுவும் அந்தப் பாட்டை. அதைக் கேட்க மனசில்லாமல்தான் கடிதம். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். சொல்வது நான், எழுதுவது என் மகள் ஷஹர்பான். யார் சங்கடத்தைச் சொல்கிறேனோ அவளையே எழுத வைப்பது நன்றாயில்லைதான், ஆனால் வெளியாளைக் கூப்பிட்டால் பாதிக் கடிதத்தில் அவன் அந்தப் பாட்டை முனக ஆரம்பித்துவிடுவான்.

இவளுக்குப் பெயர் வைத்தது எண்பத்தொன்பதில், மிதுன மாதம் ஒரு வியாழக்கிழமை. உனக்கு ஏழு வயது. நாலு நெய்யப்பம் தின்று என் புதுச் சட்டையில் வாந்தி எடுத்தாய். எனக்கு மறக்காது. அப்படி வாந்தி எடுத்து வாழ்த்திய பெயரைத்தான் நீ கொண்டுபோய் பாட்டு ஆல்பத்தில் வைத்தாய். வேண்டுமென்று செய்யவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கோழிக்கோட்டு ஸ்டுடியோவில் நடந்ததை நீயே என்னிடம் சொன்னாயே. “நஸீமா போன மாசமே வந்துட்டா, ஸாபிரா மூணு ஆல்பத்துல இருக்கா, றம்லா சிடி குடோன்ல தேங்கிக் கிடக்கு. மலபார்ல இன்னும் பாட்டுல வராத பொண்ணு பேரு ஒண்ணு சொல்லுடா, மணி ஆவுது” என்று அந்த முதலாளி விரட்டினான், உனக்குச் சட்டென்று வாயில் வந்தது தங்கச்சி பெயர். பாட்டில் அவள் உன்னை அழ வைத்துவிட்டு இன்னொருத்தன் காரில் ஏறிப் போகிறாள். அது இத்தனை ஜனத்துக்குப் பிடிக்கும் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நாற்பத்தொரு வருஷம் கல்யாணங்களில் பிரியாணி போட்டவன் நான். எந்த வருஷம் எந்தப் பாட்டு ஓடியது என்று பிரியாணிச் செம்பை வைத்தே சொல்வேன். இப்படி ஒரு பாட்டு பந்தி பந்தியாக ஓடி நான் பார்த்ததில்லை.

ஆனால் பாட்டைக்கூட மன்னிப்பேன் அன்ஸார், அந்தப் பெருமூச்சை எப்படி மன்னிப்பது? போன நோன்பு இரண்டாம் வாரம், டிவியில் மஞ்சள் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாய். “இது உங்க சொந்தக் கதையா?” என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன செலவு? நீ பெருமூச்சு விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாய். ஜன்னலுக்கு வெளியே என்னடா இருந்தது? “டைரக்டர் மூச்சு விடச் சொன்னாரு மாமா” என்று பிறகு சொன்னாய். அவர் விடச் சொன்னது ஒரு மூச்சு, இங்கே எனக்கு வாங்குவது எத்தனை மூச்சு தெரியுமா? நீ அவளுக்கு முறை மாப்பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். உன் உம்மா டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் எங்கள் மூத்தவள் ஸுஹராவோடு சேர்த்து உனக்கும் பீவாத்துதான் பால் கொடுத்தாள், அதனால் மார்க்கப்படி என் ஐந்து பெண்களும் உனக்குக் கூடப்பிறந்தவர்கள், நிக்காஹ் கூடாது என்பது யாருக்குத் தெரியும்? பெண் பார்க்க வந்தவர்கள் டீ குடிக்கும் முன்பே, “பாடுறானே அந்தப் பையன், அவன் என் வீட்டுக்காரிகிட்ட பால் குடிச்சவன்” என்று ஆரம்பிக்க முடியுமா?

(“உப்பா, இதையும் எழுதணுமா?” என்கிறாள். எழுது என்றேன்.)

முதலில் வந்தது எடக்கரைக்காரர்கள். நல்ல குடும்பம். இவள் மாம்பழ ஜூஸ் தட்டோடு வாசற்படி தாண்டினாள், மாப்பிள்ளையின் அண்ணன் பையில் போன் அடித்தது, அதில் நீ “ஷஹர்பானே” என்று அலறுகிறாய். அவர் அணைக்கப் பார்த்து சத்தத்தைக் கூட்டிவிட்டார். இவள் தட்டை அப்படியே ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜூஸை நாங்கள்தான் குடித்தோம். அடுத்து வந்த வீட்டில் பையனின் உம்மா ரொம்ப மரியாதையாக, “பொண்ணைப் பிடிச்சிருக்கு. பேரை மட்டும் ஸுமய்யான்னு மாத்திக்கலாமே” என்றாள். உள்ளேயிருந்து இவள், “மாத்திக்கிறேன் உம்மா. உங்க மவன் பேரையும் மாத்துங்க, எனக்கும் அது பிடிக்கல” என்றாள். அவர்கள் செருப்பு மாட்டிய வேகத்தில் ஒன்றை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது இடம் முடிந்த மாதிரிதான் இருந்தது. சம்மதம் சொல்ல பையனின் உப்பா, அந்த ஹாஜியார், எனக்கு நாலு தரம் போன் போட்டிருக்கிறார், நாலு தரமும் நான் எடுப்பதற்குள் வைத்துவிட்டார். பிறகு தரகர் வந்து சொல்லித்தான் தெரிந்தது, என் போனில் காலர் டியூனாக அந்தப் பாட்டு நாலு மாதமாக ஓடுகிறதாம்! இறைச்சிக்கடைக்குப் போன் போட்டபோது அவன் போனிலும் அந்தப் பாட்டு கேட்டது, அதை நிறுத்த நான் நட்சத்திரப் பொத்தானை அமுக்கினேன். அமுக்கினால் அந்தப் பாட்டு நமக்கே வந்துவிடுமாமே. கூப்பிடுகிறவருக்குத்தான் கேட்கும், எனக்குக் கேட்காது, நான் என்ன கண்டேன்? “மவ ஓடிப்போன கதையை அப்பனே பாட்டா வச்சிருக்கான்” என்றாராம் ஹாஜியார்.

போன வெள்ளிக்கிழமை நானே மனசு தளர்ந்து, “ஸுமய்யான்னுதான் வச்சிக்கலாமா மோளே?” என்று கேட்டுவிட்டேன். “மாத்தினா நான் ஏதோ செஞ்சதாத்தானே உப்பா ஆவும்?” என்றாள். இவள் சிரித்துப் பதினோரு மாதம் ஆகிறது.

உனக்கும் அங்கே சுகமில்லை என்று உன் உம்மா சொன்னாள். எந்த மேடை ஏறினாலும் முதல் நாலு வரியையே திரும்பத் திரும்பப் பாடச் சொல்கிறார்களாம், வேறு பாட்டு எடுத்தால் கத்துகிறார்களாம். அந்தப் பெயரில் நீயும் மாட்டிக்கொண்டாய், இவளும் மாட்டிக்கொண்டாள். ஆகவே உன்மேல் கோபமில்லை. ஆனால் அடுத்த லீவில் வந்து அதே டிவியில், முடிந்தால் அதே மஞ்சள் சட்டையில் உட்கார்ந்து, பெருமூச்சைத் திரும்ப வாங்கிக்கொள். பாட்டில் ஷஹர்பானை எடுத்துவிட்டு வேறு பெயர் போடு. இம்பிச்சாமினா என்று போடு, உன் உம்மா பார்த்துக்கொள்வாள். இது இந்த மாமனின் முடிவான சொல்.

அல்லாஹ் உன் தொண்டைக்கு நீண்ட ஆயுசு தரட்டும். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. மாமியின் துஆ எப்போதும் உண்டு.

மாமன் பீரான்குட்டி (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்யாதே.

திங்கள் காலை இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போனவன், வழியில் காலர் டியூனை எடுக்கச் சொல்லி பாலத்தடி மொபைல் கடையில் ஏறினேன். ஜாபிர் என்று ஒரு பையன், முப்பது வயதிருக்கும், மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பவன். ஏன் எடுக்கணும் என்று கேட்டான். மகள் பெயரைச் சொன்னேன். இதோ முனகப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் முனகவில்லை. “பாவம் காக்கா, மூணாவது சரணத்தை யாருமே கேக்கலையே” என்றான். அப்படி ஒன்று இருக்கிறதா என்றேன். “ரிங்டோன் நாலு வரியில நின்னுடும். கல்யாண வீட்டுலயும் திரும்ப முதல்லேர்ந்து போடுவாங்க. ஏத்துறவன் நான், நான்தான் முழுசாக் கேட்டவன். கடைசில அவனே சொல்றானே, என் மனசை உன்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை, எழுதின கடிதம் என் பையிலேயே கிடக்குன்னு. சொல்லாதவனை அவ எப்படி ஏமாத்துவா? தப்பு முழுக்க அவன் பேர்ல” என்றான். போட்டும் காட்டினான். அன்ஸார், நீதான் பாடியிருக்கிறாய், அழகாகவே பாடியிருக்கிறாய். யாரும் உன்னை அதுவரை போக விடாததால் உனக்கே மறந்திருக்கும்.

நான் படி இறங்கும்போது, “காக்கா, எங்க வீட்டுப் பெரியவங்களை எந்த நாள் அனுப்பட்டும்?” என்று மெமரி கார்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். வீட்டில் வந்து சொன்னேன். இவள், “வரச் சொல்லுங்க. ஜூஸ் மட்டும் நான் தூக்க மாட்டேன், அவரே வாங்கிட்டு வரட்டும்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

ஆகவே பாட்டில் ஒரு எழுத்தை மாற்றாதே. காலர் டியூனையும் நான் எடுக்கவில்லை, ஜாபிர் அதில் மூன்றாவது சரணத்தை வைத்துக் கொடுத்திருக்கிறான். கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் போடு. சீக்கிரம் எடுக்க மாட்டேன். முழுசாகக் கேள்.