குட்டைக் குழலும் டெல்மரின் குறியும்

இந்த வசந்தத்தில் ஊர் வாயை அடைத்தே தீருவது என்று டெல்மர் ஸ்டூப்ஸ் முடிவு கட்டிவிட்டார். காரணம், அவர் வாங்கிவந்த வான்கோழி வேட்டைத் துப்பாக்கி. குழல் பதினெட்டரை அங்குலம்தான்.

"மீதியைக் கடைக்காரனே அறுத்து வச்சுக்கிட்டானா?" என்று காப்பிக்கடையில் கேட்டார் பக்கத்துப் பண்ணை ஹாஸ்கல். கடையே சிரித்தது.

"நீளத்துல என்னய்யா இருக்கு? ரவை சிதறாம இருக்க முனையில திருகுற சோக்கும் உள்ள போற ரவையும் பொருந்திட்டா, குட்டையும் நாப்பது கெஜம் பேசும். காட்டுறேன் பாரு."

களஞ்சியத்தின் பின்னால் காகிதத்தில் வான்கோழித் தலை வரைந்து வேலியில் மாட்டினார். மூன்று நாள் சுட்டார். ரொம்ப இறுக்கமான சோக்கில் ரவை நெருக்கியடித்துச் சிதறியது. அதைவிட ஒரு படி தளர்ந்த சோக்கும் கனமான டங்ஸ்டன் ரவையும் சேர்ந்தபோது, அத்தனையும் ஒரு தட்டளவுக்குள் விழுந்தது. ஆனால் அந்தத் தட்டுதான் வரைந்த தலைக்கு ஒரு முழம் இடப்பக்கம் இருந்தது.

மனைவி லவோன் வந்து பார்த்தாள். "ரவை நல்லாத்தான் கூடுதுங்க. வேலியில கூடுது."

"துப்பாக்கி புதுசு. பழகணும்."

"எடை கம்மி, உதைக்குது. நீங்க உதைக்கு முன்னாடியே கண்ணை மூடி மூஞ்சியத் தூக்கிடுறீங்க. குடுங்க இப்படி."

லவோன் வாங்கி, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டவைத்து ஒரே வெடி. தலையிலும் கழுத்திலும் நூறு பொத்தல்.

டெல்மர் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே காப்பிக்கடைக்குப் போனார். லவோனும் கூடவே போனாள்.

"எண்ணிப் பாரு ஹாஸ்கல்."

ஹாஸ்கல் எண்ணினார். முகம் தொங்கியது. "சுட்டது யாரு?"

"வேற யாரு? நான்தான்."

எல்லோரும் லவோனைப் பார்த்தார்கள். டெல்மரும் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அவருதான்," என்றாள் லவோன் அமைதியாக. "இப்படிக் குறி வைக்கிற ஆளுக்கு எந்தத் துப்பாக்கியா இருந்தா என்ன? அதனாலதான் இந்த வருஷம் குட்டையை எனக்குக் குடுத்துட்டு, அவங்க அப்பாவோட நீளத் துப்பாக்கிய எடுத்துக்கப் போறாரு."

கடை கைதட்டியது. ஹாஸ்கல் எழுந்து வந்து கைகுலுக்கினார். மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். டெல்மர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆமா, பின்ன," என்றார்.

திங்கட்கிழமை விடியலில் இருவரும் காட்டில் ஆளுக்கொரு பக்கம் பதுங்கியிருக்க, சேவல் வான்கோழி கொக்கரித்துக்கொண்டே டெல்மர் பக்கமாகத்தான் வந்தது. அவர் நீளக் குழலைத் திருப்பினார். அது தேவதாருக் கிளையில் மாட்டிக்கொண்டது. கிளை ஆடியதும் சேவல் திரும்பி ஓட்டமெடுத்து லவோன் எதிரில் போய் நின்றது. ஒரே வெடி.

இருபது பவுண்டுப் பறவையைத் தோளில் சுமந்து வரும்போதும் டெல்மர் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் பொருத்தின சோக்கு, நான் தேர்ந்தெடுத்த ரவை. அந்தத் துப்பாக்கியில யாரு சுட்டாலும் விழும்."

"அப்படியாங்க?" என்றாள் லவோன். "அப்ப அடுத்த வருஷம் உங்களுக்கும் ஒண்ணு வாங்கிடுவோம்."