மருமகனுக்கு, லாரியின் காய்ச்சல் குறித்து

மில்லர்புரம், தூத்துக்குடி
செவ்வாய்க்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய மருமகன் கிளைட்டனுக்கு, மாமனார் ஹென்றி சேசுவின் பேரால் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகமில்லை, உங்கள் அத்தை பிலோமினா சுகமில்லை, உங்கள் லாரி அறவே சுகமில்லை. கடல் தாண்டித் தம்மாமில் நீங்களாவது சுகமாக இருக்கும்படி மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். போனில் பேசினால் பாதியில் மகள் ஜெர்லின் பிடுங்கிவிடுகிறாள். அதனால் வியாழக்கிழமை தம்மாம் வருகிற காயல்பட்டினம் மூஸா நெய்னாவிடம் இதையும் ஒரு கிலோ மக்ரூனையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதையே மறுபடி சொல்கிறேன், மாப்பிள்ளை. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஊருக்கு வந்து சொந்த லாரி ஓட்டிப் பிழைக்கலாம் என்கிற நினைப்பை விட்டுவிடுங்கள். பேத்தி அனிஷா பிறந்ததிலிருந்து உங்களை நேரில் பார்த்தது மொத்தம் நாற்பது நாள், அது எனக்குத் தெரியாதா? மனசில்லாமல்தான் எழுதுகிறேன். ஆனால் லாரி என்று ஒன்று ஓடினால்தானே நீங்கள் வந்து ஓட்ட முடியும்?

மூன்று வாரத்துக்கு முன்பு கண்டெய்னரோடு ஹார்பர் போகும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, டிரைவர் சிலுவை "எரியட்டும் மாமா, நமக்கென்ன"ன்னு விட்டுட்டான், நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் வந்தேன், கேட் தெரிகிற தூரத்தில் வண்டி இருபதுக்கு மேல் போகமாட்டேன் என்று முனகி நிற்க, பின்னால் வந்த அத்தனை லாரிக்காரனும் ஹாரன் அடித்து நம் குடும்பத்தில் ஒருத்தரையும் பாக்கி வைக்காமல் ஏசிவிட்டான். மறுநாள் காலை சர்வீஸ்காரர் லேப்டாப்போடு வந்தார். "பொகைக்குழாய்ல நாலு டெம்பரேச்சர் சென்சார் இருக்கு சார். ரெண்டாம் நம்பர் நானூறு டிகிரின்னு சொல்லுது. பொகை கொதிக்குன்னு நெனச்சு கம்ப்யூட்டர் எஞ்சின அமுக்குது"ன்னார். "வண்டி விடிய விடிய நின்ன எடத்துலயே நிக்கு வே, எங்கன கொதிக்கு?" என்று குழாயில் கையை வைத்துக் காட்டினேன், ஜில்லென்று இருந்தது. நாற்பது வருஷம் விசைப்படகில் எஞ்சின் பார்த்த கை அல்லவா! மனுஷன் புது சென்சாரை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் நன்றாக ஓடி, மூன்றாம் நாள் அதே விளக்கு, அதே முனகல். ஒருத்தர் புகை வடிகட்டி அடைத்துவிட்டது என்றார், இன்னொருத்தர் புகையைச் சுத்தம் பண்ண ஊற்றுகிற யூரியாத் தண்ணி மட்டம் என்றார், கம்ப்யூட்டரே செத்துப்போச்சு என்று ஒருத்தர் துக்கம் கேட்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார். வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் பொய் சொல்லுது பாருங்கலேன்னு மறுபடியும் கையை வைத்தேன். அன்றைக்குப் பார்த்து அது உண்மையைச் சொல்லியிருக்கிறது. வலது கையில் கட்டு, இது இடது கையால் எழுதுவது, எழுத்துக்கு மன்னிக்கவும். உங்கள் அத்தை தீர்த்தத்தைக் கொண்டுவந்து சூட்டோடு குழாயில் ஊற்ற, புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. "பேய் போவுது பாருங்க! உவரி அந்தோணியார் கோயில்ல கொண்டு நிறுத்துவோம்" என்கிறாள். இருபதில் உருட்டினால் உவரி போய்ச் சேருவதற்குள் பூசை முடிந்துவிடும்.

இப்போது ஐந்தாவது ஆளாக ஓட்டப்பிடாரம் எலக்ட்ரீஷியன் சொரிமுத்து மீட்டரோடு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறான். "எஞ்சின் போடுததுக்கு முன்னால நாலும் ஒரே சூட்டத்தான் காட்டணும் அண்ணாச்சி. மத்த மூணும் முப்பதுங்குது, ரெண்டாம் நம்பர் மட்டும் நானூறுங்குது. ரெண்டையும் மூணையும் மாத்தி மாட்டிப் பாத்தேன். சென்சார் கெட்டிருந்தா அது போன எடத்துக்குக் கோளாறும் போவணும். போவலியே!" என்கிறான். போகாவிட்டால் வயரிலோ சொருகுகிற இடத்திலோ இருக்கிறதாம். எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த வண்டி நமக்கு வாய்க்கவில்லை, மாப்பிள்ளை. மாசக் கடைசிவரை இழுக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

மாதாவும் சூசையப்பரும் உங்கள் உடம்பையும் உத்தியோகத்தையும் காப்பாற்றுவார்களாக. உங்கள் அறையில் இருக்கிற எல்லோருக்கும் மக்ரூன் கொடுத்து என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்,
ஹென்றி

–––––––––

பின்குறிப்பு: சாயங்காலம் எழுதுவது. சொரிமுத்து இரண்டாம் நம்பர் வயரின் சொருகியையே பிரித்துப் பார்த்தான். உள்ளே படகுக்குப் போடுகிற கிரீஸ், மண்ணோடு கருகிக் கெட்டிப்பட்டுக் கம்பி முனையெல்லாம் அடைத்துக் கிடந்தது. "எந்தப் புண்ணியவான் இதுக்குள்ள கிரீஸ அப்புனது?" என்று கேட்டான். சிலுவை என்னைப் பார்த்தான். நான் வேறு எங்கேயோ பார்த்தேன். நீங்கள் சாவியை என் கையில் தந்துவிட்டுத் தம்மாம் கிளம்பிய அந்த வாரமே நான்தான் திணித்தேன். படகில் உப்புக்காற்றுக்குப் பயந்து எல்லாப் பொருத்திலும் கிரீஸ் திணிப்போம், அந்தப் பழக்கம். உங்கள் வண்டி துருப்பிடிக்கக் கூடாது என்று ஆசையாகத்தான் செய்தேன். துடைத்து மாட்டியதும் நாலும் முப்பது காட்டியது. ஹார்பருக்குப் போய்த் திரும்பியாயிற்று, அறுபதில் பறக்கிறது. ஆகவே மேலே எழுதியது எதையும் கேட்க வேண்டாம். கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள். இதைச் சொல்ல மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன், ஜெர்லின் பக்கத்திலேயே நிற்கிறாள். எலி வயரைக் கடித்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், இந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவள் போனில் கேட்டால் மேலே உள்ளதைப் படித்துக் காட்டுங்கள்.