காத்துப் பிடித்த ஜீப்

ஆண்டவன் படைத்த மனிதர்களில் பானட் திறப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் யாருடைய வண்டியாவது நின்றுவிட்டால் போதும், எங்கிருந்தோ வந்து சேர்வார். வண்டிக்காரன் இறங்குவதற்கு முன்பே பானட்டின் மேல் கை வைத்திருப்பார். சலவைக்குப் போய் வந்த சட்டையாக இருந்தாலும் கையை மடித்துவிட்டு, உள்ளே தலையை நுழைத்து, நோயாளியின் நாக்கைப் பார்க்கிற டாக்டர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ம்" என்பார். அந்த "ம்" இருக்கிறதே, அதைக் கேட்டதும் வண்டிக்காரன் பர்ஸைத் தடவிப் பார்ப்பான். இவருக்குச் சொந்தமாக வண்டி உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். டாக்டருக்கும் நோய் இருந்தாக வேண்டுமா என்ன?

இவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மனசு தங்கம். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா போகத் தெரியாத பிறவிகள். சும்மா போயிருந்தால் எத்தனையோ வண்டிகள் பிழைத்திருக்கும், அது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள் அக்கா. அவள் வீட்டுக்காரருக்குத் துணிக்கடையில் அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை. அவள் தம்பிக்கு அவர் மாமா. தெருவுக்கே அவர் மாமாவாகிவிட்டார். மாமா சரிசெய்த மின்விசிறி அவர்கள் கூடத்தில் இன்றைக்கும் ஓடுகிறது. காற்று மேலே போகும். கூரைக்கு நல்ல குளிர்ச்சி. தையல் மெஷினைப் பிரித்து மாட்டி முடித்தபோது திருகாணி சிலது மிச்சம் விழுந்தது. கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டிருக்கான் என்றார். அக்கா அவற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. சாமியிடம் மட்டும் சொல்லுவாள்.

தம்பிக்கு வேலை போய், கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கியிருந்தான். மலை உச்சியில் ஒரு தங்கும் விடுதி. அதற்குப் போகிற வழியைப் பாதை என்று சொன்னால் பாதைக்கே கோபம் வரும். கல்லும் சேறும் வேருமாகக் கிடக்கும், சாதாரண வண்டி ஏறாது. தினமும் சாமான் ஏற்றிவர ஒரு ஜீப் வேண்டுமென்று விடுதிக்காரர் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வெள்ளோட்டம். மதியச் சமையலுக்கான காய்கறியும் பாலும் ரொட்டியும் சமையற்காரர் அடுப்பு மூட்டுவதற்குள் மேலே போய்ச் சேர்ந்தால் வேலை தம்பிக்கு. சேராவிட்டால் இன்னொரு ஜீப்காரன் தயாராக நிற்கிறான். அக்கா கூட வந்தால் காரியம் நடக்கும் என்று தம்பிக்கு ஒரு நம்பிக்கை, கூப்பிட்டான். அக்காவைக் கூப்பிட்டால் மாமாவைத் தனியாகக் கூப்பிட வேண்டுமா?

பாதி மலையில், ஒரு பக்கம் பள்ளமும் ஒரு பக்கம் புதருமாக, ஈ காக்கை இல்லாத இடத்தில், பெரிய கல் ஒன்றில் ஏறித் தொப்பென்று இறங்கியது ஜீப். எஞ்சின் ஒரு தடவை பெருமூச்சு விட்டது. அடங்கிவிட்டது. போனில் சிக்னலும் இல்லை. தம்பியின் முகம் வெளுத்துப் போயிற்று. மாமாவின் முகத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரொம்ப நாளாகக் காத்திருந்த விருந்தாளி வாசலில் வந்து நின்றதுபோல ஒரு மலர்ச்சி.

"நீ உக்காரு மாப்பிள்ளை. நான் சொல்றப்போ மட்டும் ஸ்டார்ட் பண்ணு."

பானட் திறந்தது. "ம்" வந்தது.

பேட்டரி ஒயரை ஆட்டிப் பார்த்து இதுதான் என்றார். இல்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இதேதான் என்றார். அதுவும் இல்லை. ஆயில் அளக்கிற கம்பியை உருவி, விரலில் தேய்த்து, மோந்து, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நாக்கில் வைத்துவிடுவாரோ என்று அக்கா பயந்தாள். நடுநடுவே இந்தக் காலத்து டிரைவர்களைப் பற்றிய புலம்பலும், தன் சிநேகிதனின் லாரியைத் தான் ஒருவராகவே காப்பாற்றிய கதையும் வந்துகொண்டிருந்தன. வெயில் பால் கேனின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் கார்பரேட்டரில் குப்பை அடைத்திருக்கிறது என்றார்.

"டீசல் வண்டியில கார்பரேட்டரே கிடையாது மாமா."

"அதான் பிரச்சினையே."

தம்பி ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

எல்லா வாசலும் மூடிக்கொண்டபின் இந்த இனத்தார் கடைசியாகப் போய் நிற்கிற வாசல் ஒன்று இருக்கிறது. மாமாவும் அங்கே போய் நின்றார். "காத்துப் பிடிச்சிருக்கு," என்றார். டீசல் போகிற குழாயில் காற்று புகுந்துவிட்டால் எஞ்சின் ஓடாது, அது உண்மைதான். ஆனால் வைத்தியத்துக்குப் பிடிபடாத காய்ச்சலையெல்லாம் காத்துக் கருப்பு என்று சொல்கிற மாதிரி, இவர்களுக்குப் பிடிபடாத வண்டிக்கெல்லாம் காத்து. கண்ணுக்குத் தெரியாத பொருள். இல்லையென்று யாரால் சொல்ல முடியும்?

குழாயைக் கழற்றிக் காற்றை விரட்ட வேண்டும் என்றார். கழற்றினால் திரும்ப மாட்ட வருமா என்று தம்பி மெல்லக் கேட்டான். கழற்றுவதுதான் கஷ்டம், மாட்டுவது தானாக வரும் என்று பதில் வந்தது. அக்காவுக்குத் திருகாணி டப்பா ஞாபகத்துக்கு வந்தது.

"அந்தப் பையை எடு, பெரிய ஸ்பேனர் அதுலதான் இருக்கு."

முன்பலகையில் தொங்கிய அவருடைய பையை எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். இரும்புச் சாமான் அடைத்த அந்தப் பையை, ஏறும்போதே, கைக்கு வாகாக இருந்த ஒரு குமிழில் மாட்டியிருந்தார் மாமா. அது எந்தக் குமிழ் என்று அவளுக்குத் தெரியும். வண்டியை வாங்கி வந்த அன்றைக்குத் தம்பி காட்டியிருந்தான்: இந்தப் பழைய ஜீப் சாவியைத் திருப்பினால் மட்டும் நிற்காது அக்கா, இந்தக் குமிழை வெளியே இழுத்தால்தான் எஞ்சின் அடங்கும் என்று. கல்லில் விழுந்த வேகத்தில் பையின் கனம் குமிழை முழுசாக வெளியே இழுத்து வைத்திருந்தது.

அவள் பார்த்ததைத் தம்பியும் பார்த்தான். வாயைத் திறக்கப் போனவன் கையை அழுத்திப் பிடித்தாள்.

சொல்லிவிடலாம். சொன்னால் இந்தக் கதை சொந்தபந்தம் முழுக்கப் போகும். யார் வீட்டு விசேஷமானாலும் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேசாமல் படுத்திருப்பார். சொல்லாவிட்டாலோ அந்தக் குழாய் கழன்றுவிடும், தம்பியின் பிழைப்பும் அதோடு போய்விடும். ஆண்டவனே, வாயில் நல்ல வார்த்தையாக ஒன்றைக் கொடு என்று வேண்டிக்கொண்டு, குமிழை உள்ளே தள்ளிவிட்டு, பையோடு இறங்கிப் போனாள்.

"கழட்டுறதுக்கு முன்னாடி அதை ரெண்டு தட்டு தட்டிப் பாருங்களேன். சிலது உங்க கை பட்டாலே சரியாயிடுது."

மாமா அவளை உற்றுப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு அவர், அதுவும் ஒரு முறைதான், பெரிய மெக்கானிக்கெல்லாம் அப்படித்தான் செய்வான் என்று தலையாட்டி, குழாயை ரெண்டு தட்டுத் தட்டினார். தம்பி சாவியைத் திருப்பினான். ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பார்த்தியா, காத்து போயிடுச்சு," என்றார் மாமா.

மேலே போய்ச் சேர்ந்தபோது சமையற்காரர் தீக்குச்சியும் கையுமாக வாசலில் நின்றார். விடுதிக்காரர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, ஏன் இவ்வளவு நேரம், வழியில் என்ன ஆயிற்று என்று கேட்டார். தம்பி நெளிந்தான். மாமா இறங்கி, நடந்ததைத் தமக்குத் தெரிந்தபடி விளக்கினார். கேட்கக் கேட்க விடுதிக்காரரின் கடுகடுப்பு இறங்கியது. மெதுவாக ஜீப்பைச் சுற்றி வந்தார். சட்டைக் கையை மடித்தார்.

"பானட்டைத் திறங்க, பார்ப்போம்."

அக்காவுக்குப் புரிந்துபோயிற்று. உள்ளே குனிந்த விடுதிக்காரர், "ம்," என்றார்.

சமையற்காரரும் தம்பியும் காய்கறியை இறக்கி முடித்தார்கள். பானட்டுக்கடியில் ரெண்டு முதுகு மட்டும் தெரிந்தது. காத்தாக இருக்க முடியாது, பெல்ட்தான் என்று ஒரு முதுகு. பெல்ட்டை நான் அப்போதே பார்த்துவிட்டேன் என்று இன்னொன்று. கடைசியில் விடுதிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, வேலை தம்பிக்குத்தான் என்று சொன்னார்.

"நாளைலேருந்து வந்துடு தம்பி. ஆனா ஒண்ணு. உன் மாமா இல்லாம இந்த வண்டி மலை ஏறக் கூடாது."

துணிக்கடைக்கு லீவு சொல்லிக்கொள்ளலாம் என்றார் மாமா. தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா வானத்தைப் பார்த்தாள். கேட்டதை ஆண்டவன் கொடுத்துவிட்டான். கேட்காததையும் சேர்த்துக் கொடுத்திருந்தான்.

சரி, நீங்கள் ஒன்று சொல்லுங்கள். ஜீப் நின்ற இடத்தில், டீசல் ஃபில்டரை அல்லவா முதலில் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் பரவாயில்லை, பதற வேண்டாம். இன்றைக்கு வீட்டில் கேட்டுப் பாருங்கள், நான் சரிசெய்ததில் எதுவாவது நிஜமாகவே சரியானதா என்று. அவர்கள் லேசாகச் சிரித்துவிட்டு, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.