பெட்ரோல் மருந்தும் பெண் கேட்ட காபியும்

சக்கரத்துக்குப் பிறகு மனிதகுலம் செய்த மாபெரும் சாதனை எதுவென்று கேட்டால், அம்மான் நகரக் குடிநீர் மீட்டர் கிளை அலுவலகத்தில் ஒருவரும் தயங்கமாட்டார்கள். பெட்ரோலுக்கு மருந்து கண்டுபிடித்ததுதான். அதுவரை உலகம் பெட்ரோலை வெறும் பெட்ரோலாகவே ஊற்றிக்கொண்டிருந்தது. எப்படித்தான் வாழ்ந்ததோ பாவம்!

இந்த ஞானத்தை அலுவலகத்துக்கு அருளியவர் இயக்குநர் ஷவ்கத் பேக். ('பேக்' என்பது அந்த ஊர் 'ஐயா'.) கோப்புகள் இருக்கவேண்டிய அவருடைய மேசை இழுப்பறையில் 'ராஜாளி' என்ற நீலத் திரவம் குட்டிப் போத்தல்களில் அணிவகுத்து நின்றது. அவர் மைத்துனனின் தயாரிப்பு. தலைமைக் குமாஸ்தா முன்திருக்கு நாற்பத்தொரு வயது, கல்யாணமாகவில்லை. அவனிடம் பழைய கொரியக் கார் ஒன்று இருந்தது, மேட்டைக் கண்டால் இருமும். மலைமேல் மலையாகக் கட்டிய ஊரில் மேட்டைக் காணாமல் எங்கே போவது? மாதம் ஒன்றாகப் பதினோரு போத்தல் ஊற்றிவிட்டான்.

"இன்னும் இருமுதே பேக்," என்றான் ஒருநாள்.

"இருமுதுன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தம். மருந்து ஊத்தாம இருந்திருந்தா இந்நேரம் அடக்கம் பண்ணியிருப்ப."

முன்திர் அடுத்த போத்தலுக்குக் காசு கொடுத்தான். சந்தேகப் பிராணிகளுக்காக 'எரிபொருள் மேம்பாட்டுத் துணைக்குழு' ஒன்றும் அமைக்கப்பட்டது. அலுவலகத்தின் இரண்டு கார்களில் ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு இல்லை. மருந்து ஊற்றிய காரை ஏசி போடாமல், பூப்போல ஓட்டும்படி டிரைவருக்குச் 'சிறப்பு அறிவுரை' வழங்கப்பட்டது. மற்றதில் ஆறு பேரையும் ஒரு அலமாரியையும் ஏற்றி மலைக்கு அனுப்பினார்கள். பதினெட்டு சதவீதம் சேமிப்பு! 'தீங்கு ஏதுமில்லை, நன்மை அளவிடற்கரியது' என்ற அறிக்கையில் பேக் பச்சை மையில் கையெழுத்திட்டார்.

இந்த நிலையில்தான் முன்திருக்குப் பெண் அமைந்தது. பெயர் ஹனாதி, பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்குச் சம்மதம். ஆனால் அவள் அப்பா அபூ ஸுஹைர் முப்பத்தெட்டு வருஷம் கார் மெக்கானிக்காக இருந்தவர். முன்திரின் கார் இருமுவதை ஒருமுறை தெருவில் கேட்டுவிட்டு, "காரையே பாத்துக்கத் தெரியாதவன் என் பொண்ண எப்படிப் பாத்துப்பான்?" என்றார். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் தனக்கு இந்த ஜன்மத்தில் கல்யாணமில்லை என்று முன்திர் நடுங்கிப்போனான்.

பெண் கேட்கப் பெரியவர்கள் கூட்டமாகப் போகவேண்டும். அதற்கு ஜாஹா என்று பெயர். தலைமை தாங்குபவர் முன்னால் வைத்த காபியைத் தொடமாட்டார். பெண்ணைத் தந்தோம் என்று பெண்வீட்டார் சொன்ன பிறகுதான் குடிப்பார். குடித்தால் சம்பந்தம் முடிந்தது, குடிக்காமல் வைத்துவிட்டால் முறிந்தது. பெரிய மனிதர் வந்தால் பெண்வீட்டார் மசிவார்கள் என்று முன்திர் இயக்குநரையே கூப்பிட்டான்.

"உன் கார்லதான் வருவேன்," என்றார் பேக். "ராஜாளி மலையேறுறத ஊரே பாக்கட்டும்!" பன்னிரண்டாவது போத்தலைத் தம் திருக்கரத்தாலேயே ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை மாலை, ஜபல் தாஜ் மேட்டில், பெண்வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ராஜாளி இறகை மடக்கி உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்த கார்களிலிருந்து பெரியவர்கள் இறங்கி, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். இயக்குநர் உள்ளே அமர்ந்தபடி 'மேற்பார்வை' செய்தார்.

வாசலில் நின்ற அபூ ஸுஹைர் ஸலாம் சொன்ன கையோடு பானட்டைத் திறந்தார். "ஏர் ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?"

"அது... குழுவோட பரிந்துரையில இல்ல மாமா."

ஃபில்டரைக் கழற்றிச் சுவரில் நாலு தட்டுத் தட்டினார். பாதிப் பாலைவனம் அதிலிருந்து கொட்டி, அப்போதுதான் இறங்கிய இயக்குநரின் கோட்டு மேல் படிந்தது. மாட்டிவிட்டுச் சாவியைத் திருகினார். கார் இருமாமல் கிளம்பியது. மாமனார் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே முப்பது பேர். முறைப்படி காபி வந்தது, பேக் தொடாமல் கீழே வைத்தார். எழுந்து குலப்பெருமை, குணப்பெருமை, மீட்டர் அலுவலகப் பெருமை எல்லாம் பேசி, பெண்ணைக் கேட்டார்.

"காபியக் குடிங்க பேக். நீங்க கேட்டு வந்ததத் தந்தோம்," என்றார் அபூ ஸுஹைர்.

முன்திருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேக் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்," என்றார் மாமனார். "நீங்க வந்த கார்ல ஒரு போத்தல்ல மருந்து மீதி கிடந்துச்சு. உங்களுக்கு மரியாதை பண்ணணும்ல? உங்க கோப்பையில மட்டும் ரெண்டு சொட்டு விட்டிருக்கேன்."

கோப்பை அந்தரத்தில் நின்றது.

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு என்ன பேக்? இருமலுக்கு நல்லதுன்னாங்களே."

பேக்கின் கை மெல்லக் கீழே இறங்கியது. கோப்பை மேசையைத் தொட்டால் கல்யாணம் போச்சு. பதினேழு வருஷமாக இயக்குநர் முன்னால் குரலே உயர்த்தாத முன்திர் துள்ளி எழுந்து கத்தினான்.

"கீழ வைக்காதீங்க! குடிங்க! தீங்கு ஏதுமில்லைன்னு பச்சை மையில கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"டேய், அது மண்ணெண்ணெய்டா!" என்று அலறினார் பேக். "மைத்துனன் நீலச் சாயம் கலந்து அடைக்கிறான். கார்ல ஊத்தினா ஒரு மண்ணும் ஆகாது. வயித்துல ஊத்தினா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

அபூ ஸுஹைர் மருமகனைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். பிறகு பேக்கிடம் திரும்பினார்.

"வெறும் காபிதான். பயப்படாமக் குடிங்க."

பேக் ஒரே மடக்கில் குடித்தார். உள்ளறையில் பெண்கள் குலவையிட்டார்கள்.

ராஜாளியைப் பழிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு போத்தல் ஊற்றியும் ஒரு காரை மேடேற்ற முடியாத அந்த மருந்து, ஒரு சொட்டுகூட ஊற்றாமலேயே, ஓர் அரசாங்க இயக்குநரின் வாயிலிருந்து உண்மையை வெளியே தள்ளிவிட்டது.