ஃபிரிட்ஜில் வெச்ச மல்லிகையே

'அந்த இடத்தில் மூச்சு விடக் கூடாதுடி, பாவி! "மல்லிகையே"வை ஒரே இழுப்பில் கொண்டுபோய் இறக்கணும். இவள் நடுவழியில் நின்று இளைப்பாறிவிட்டுப் போகிறாளே!'

கம்பெனி பஸ்ஸில் மதிவதனி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிமங்கலத்தில் ஏறினால் ஒரகடம் கேட் வரைக்கும் இந்த 'ஃபிரிட்ஜில் வெச்ச மல்லிகையே' பாட்டுதான். சென்னையில் யாரோ ஒருத்தி பாடி, ஊரே ரீல்ஸ் போட்டுக் கொண்டாடும் பாட்டு.

அதை முதன்முதலில் பாடியவள் மதிவதனி. பூந்தமல்லியில் பேச்சிராஜ் என்பவர் வைத்திருந்த குட்டி ஸ்டுடியோவில், பத்தொன்பது வயதில். முடிந்து வந்த சி.டி.யை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருடம் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் அது போயிற்று. அப்புறம் மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், "நீயா?" என்பார்கள். அந்த ஒரு சொல்லை அவளால் தாங்க முடியாது.

"டில்லி, வேற போடேன்ப்பா."

டிரைவர் டில்லிபாபு வேறு போட்டான். அதே பாட்டு, தவிலோடு.

"இதுக்கு அதுவே தேவல."

"அப்போ இது இன்னா சொல்ற?"

அதே பாட்டு. எவனோ ஒருவன் கிடாரோடு விம்மி விம்மிப் பாடினான்.

"இவன் ஃபிரிட்ஜில மல்லிகைய வெச்சானா, பொணத்த வெச்சானா?"

பஸ்ஸே சிரித்தது. "அக்காவுக்குப் பாட்டு ஞானம் கீதுடி!" என்று பின் சீட்டிலிருந்து ஐஸ்வர்யா கத்தினாள். அந்த வார்த்தை மத்தியானச் சாப்பாட்டுக்குள் எச்.ஆர். வரைக்கும் போய்விட்டது.

எச்.ஆர். ஷ்ரவண் அவள் வேலை செய்யும் லைனுக்கே வந்து நின்றான். "ஆண்டு விழாவுல ஒரு போட்டி மேடம். யார் பாடினதுன்னு சொல்லாம இந்தப் பாட்டோட ஆறு வெர்ஷன் போடுவோம். நீங்கதான் ஜட்ஜ். பஸ்ல கிழிச்சீங்களாமே, அதே மாதிரி கிழிக்கணும்."

மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் ஓர் ஆசை முந்திக்கொண்டது. அந்த ஆறில் அசலும் இருந்தால்? கேன்டீனே வாயடைத்துப் போகும். 'யாருங்க பாடுனது?' என்பார்கள். அவள் மெல்ல எழுந்து நிற்பாள்.

விழாவுக்குப் பாட்டுகளைச் சேர்த்துத் தரும் வேலை டில்லிபாபுவுக்கு. அன்று சாயங்காலமே அவனைப் பிடித்தாள். "இந்தப் பாட்டுக்கு ஒரிஜினல் ஒண்ணு கீது. பூந்தமல்லி பேச்சிராஜ்கிட்ட கேட்டு வாங்கி, அந்த ஆறுல அதையும் சேத்துடு. எத்தனாவதுன்னு என்கிட்ட சொல்லாத. வாயத் தொறந்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

விழா நாளில் கேன்டீன் நிரம்பி வழிந்தது. முதல் பாட்டுக்கு, "பல் டாக்டர்கிட்ட வாயத் தொறந்துகினே பாடியிருக்காங்க" என்றாள். விசில். இரண்டாவதற்கு, "மாப்பிள்ளை ஊர்வலத்துல மல்லிகை மிதிபட்டுப்போச்சு." கைத்தட்டல்.

மூன்றாவதாக ஒரு கீச்சுக்குரல் வந்தது.

"யார் பெத்த பொண்ணோ, முழுப் பாட்டையும் மூக்காலயே பாடிடுச்சு. 'மல்லிகையே'ங்கறதுக்குள்ள மூணு தடவ மூச்சு வாங்குது. பாடுதா, பஸ்ஸப் புடிக்க ஓடுதா?"

சிரிப்பில் ஷ்ரவண் மைக்கையே நழுவ விட்டான். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது. "இதப் பாடச் சொன்னவர மொதல்ல உள்ள வைக்கணும்!"

நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றுக்கும் முதுகை நிமிர்த்திக் காத்திருந்தாள். அசல் வரவே இல்லை. மேடையோரம் நின்ற டில்லிபாபுவிடம் குனிந்தாள்.

"கெடைக்கலையா?"

"கெடைச்சுதேக்கா! மூணாவதா போட்டாங்களே. கிழிச்ச பாரு ஒரு கிழி!"

மதிவதனிக்குக் காது அடைத்துக்கொண்டது. அப்படியானால் இத்தனை வருடம் மனசுக்குள் மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருந்தவள் யார்?

அதற்குள் டில்லிபாபு ஷ்ரவணின் காதில் ஏதோ சொல்லிவிட்டான். ஷ்ரவண் மைக்கைப் பிடித்தான்.

"ஒரு சர்ப்ரைஸ்! மூணாவது பாட்டுதான் ஒரிஜினலாம்! பாடுன பொண்ணோட பேரு அந்த ஸ்டுடியோக்காரருக்கு மறந்துபோச்சாம். ஆனா நம்ம ஒரகடத்துலதான் ஏதோ கம்பெனியில வேலை செய்றாங்கன்னு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம். மதிவதனி மேடம், உங்களுக்குத் தெரியாம இருக்காது. நம்ம ஆளா இருந்தா இப்பவே மேடைக்குக் கூப்பிடுங்க!"

"கூப்பிடு! கூப்பிடு!" என்று கேன்டீன் மேஜையைத் தட்டியது.

மதிவதனி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மெதுவாகத் திருப்பிவிட்டுக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு லீவு சார்."